மோட்டார் வயர் திருடனுக்குப் பத்து வருடம் கொடுத்தால் திருட்டு நிற்குமா?

கடனாநதிக்காரன்:
அம்பை பக்கம் எங்கள் கிணற்று மோட்டார் வயரை மூன்றாவது தடவையாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செம்புக் கம்பியை எரித்து எடுத்து எடைக்குப் போட்டால் அவனுக்கு ஒரு நாள் செலவுக்குக் காணும். எனக்கோ குலை தள்ளுகிற வாழைக்கு நாலு நாள் தண்ணீர் இல்லை. திருட்டுக்கு மூன்று வருடம் வரை என்கிறது சட்டம். அதைப் பத்தாக்குங்கள், தானாக நிற்கும். வள்ளுவரே 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்கிறார்; கொலை செய்யும் கொடியவனை அரசன் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பது மாதிரியாம்.

பாளை வக்கீல்:
அண்ணாச்சி, மூன்று தடவையில் ஒரு தடவையாவது ஆள் பிடிபட்டானா?

கடனாநதிக்காரன்:
ஒரு தடவை. இரண்டரை வருடமாக வாய்தா. அவன் ஜாமீனில் டீ குடிக்கிறான், சாட்சி சொல்ல நான் பஸ் ஏறுகிறேன்.

பாளை வக்கீல்:
அப்போ விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இத்தாலியில் மிலான் நகரத்துச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764ல் இதைத்தான் எழுதினார். சித்திரவதையும் ஊர் கூடிப் பார்க்கும் தூக்கும் சகஜமாக இருந்த காலம் அது. ஆளைத் தடுப்பது தண்டனையின் கொடுமை அல்ல, தப்பவே முடியாது என்ற நிச்சயம் என்றார். தண்டனை சீக்கிரம் வர வேண்டும், நாள் தள்ளிப்போனால் குற்றமும் தண்டனையும் மனசில் ஒட்டாது என்றும் சொன்னார். இரண்டரை வருட வாய்தாவில் என்ன ஒட்டும்?

களக்காட்டு வாழை:
வக்கீல் சார் பாதியைத்தான் சொல்கிறார். அதே வழியில் வந்த இங்கிலாந்துச் சிந்தனையாளர் பெந்தாம் 1789ல் என்ன எழுதினார்? தண்டனை கிடைக்கும் நிச்சயம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அதன் அளவு ஏற வேண்டும். பத்துப் பேரில் ஒருத்தன்தான் மாட்டுகிறான் என்றால் மற்ற ஒன்பது பேர் பங்கையும் அவன் தலையில்தான் வைக்கணும். அண்ணாச்சி கேட்பது அதுதானே?

பாளை வக்கீல்:
சரி, அது அவர் சொன்னதுதான். ஆனால் இரண்டு குற்றத்தில் சின்னதையே ஒருவன் தேர்ந்தெடுக்கும்படி தண்டனைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்றவரும் அவரே. வயருக்கும் பத்து வருடம், மண்டையை உடைத்தாலும் பத்து வருடம் என்றால், காவலுக்குக் கட்டிலில் படுத்திருக்கும் அண்ணாச்சியைத் திருடன் ஏன் சும்மா விடப்போகிறான்?

குறளுக்கும் ஒரு வார்த்தை. களை பிடுங்குகிறவன் மற்றக் களைக்குப் பயம் காட்டவா பிடுங்குகிறான்? பயிர் பிழைக்கப் பிடுங்குகிறான். அதுவும் அந்தக் குறள் கொலைக்கு, வயருக்கு இல்லை. பயத்தைப் பற்றிக் கேட்டால் 562ஐப் பாருங்கள்: 'கடிதோச்சி மெல்ல எறிக'. ஓங்கும்போது கடுமை, விழும்போது மென்மை.

தென்காசி டீச்சர்:
நம் பக்கத்துச் சங்கதி ஒன்று. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944ல் கொலைக்குத் தூக்கை எடுத்துவிட்டது. செங்கோட்டை 1956 வரை அந்தப் பக்கத்து மண். ஆக கொஞ்ச காலம் தென்காசியில் கொலைக்குத் தூக்கு உண்டு, பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் கிடையாது. கொலை செய்ய ஆளை இழுத்துக்கொண்டு எவனும் செங்கோட்டைக்குப் போனதாகத் தாத்தா சொல்லிக் கேட்டதில்லை.

களக்காட்டு வாழை:
தாத்தா சொல்லாதது ஆதாரமா டீச்சர்? 😀 வக்கீல் சாருக்கு இன்னொன்று. பழிக்குப் பழி வெட்டிவிட்டு அருவாளோடு நேராக ஸ்டேஷனில் போய் நிற்கிறவனை நம் ஊரில் யாருக்குத் தெரியாது? மாட்டுவது நிச்சயம், அதுவும் அன்றைக்கே. தெரிந்துதானே வெட்டினான்?

பாளை வக்கீல்:
அங்கே பெக்காரியா தோற்கிறார், ஒத்துக்கொள்கிறேன். அவனுக்கு ஜெயிலைவிட ஊர் வாய் பெரிய நட்டம். அவனிடம் உங்கள் பத்து வருடமும் தோற்கும். ஆனால் வயர் திருடன் மானத்துக்காகவா அறுக்கிறான்? எடைக் காசுக்கு. அவன் கணக்குப் போடுகிறவன். அப்புறம், திருட்டுச் சாமான் என்று தெரிந்து வாங்குகிறவனுக்கும் மூன்று வருடம் வரை உண்டு. அவனை யாராவது தொட்டார்களா?

கடனாநதிக்காரன்:
எரித்த கம்பி கறுத்துப்போய் இருக்கும், பார்த்தாலே தெரியும். எந்தக் கடைக்காரனும் எங்கே கிடைத்தது என்று கேட்பதில்லை. போலீஸும் அவனைக் கேட்கவில்லை. பத்து வருடத்தை நான் இன்னும் விடவில்லை வக்கீல் சார், ஆனால் இது யோசிக்க வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை மறுபடி வாய்தா. கடைக்காரனை வழக்கில் சேர்க்க அங்கே யாரிடம் கேட்கணும்?