ரிங்டோன் திரும்ப ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு விக்கல்

பிடித்த பாட்டின் பல்லவியிலிருந்து 24 விநாடி வெட்டி ரிங்டோனாக வைத்திருக்கிறேன். கால் வரும்போது முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுற்று தொடங்கும் இடத்தில் சுமார் அரை விநாடி மௌனம். தாளம் அங்கே உடைகிறது. இரண்டு நாளாக இதே கதை.

போன் ஆண்ட்ராய்டு 13. ஃபைல் மெமரி கார்டில் இல்லை, உள் சேமிப்பகத்தின் ரிங்டோன்ஸ் ஃபோல்டரில்தான் இருக்கிறது.

முதலில் எம்பி3. எம்பி3 ஆக மாற்றும் மென்பொருள் (என்கோடர்) முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்று ஒலி சேர்க்கும் என்பதால் ஓஜிஜி வோர்பிஸ் என்ற வேறு ஒலி ஃபைல் வகைக்கு மாறினேன். இடைவெளி குறைந்தது, போகவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் இசட் விசை தட்டி, அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியில், சரியாக 8 தாளவட்டம் முடியும் இடத்தில் வெட்டினேன். முடிவில் ஒலி மெல்லத் தேயும் ஃபேட் அவுட் வைக்கவில்லை. ஃபைலைத் திரும்பத் திரும்பச் சுற்றச் சொல்லும் 'ஆண்ட்ராய்டு_லூப்=ட்ரூ' டேகும் (ஃபைலுக்குள் எழுதும் குறிப்பு) ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேர்த்தாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், இதே ஃபைலை நோட்டிஃபிகேஷன் டோனாக வைத்தால் நிறுத்தும்வரை இடைவெளியே இல்லாமல் சுற்றுகிறது. அதாவது டேக் வேலை செய்கிறது. கால் வரும்போது மட்டும் சிக்கல்.

கால் ரிங்டோனிலும் இடைவெளியின்றிச் சுற்ற வைக்க, ஃபைலில் இன்னும் எதை மாற்ற வேண்டும்?