மன்னர்களை ஆக்கிய வாரிக் பிரபு: பெருமை பரம்பரைக்கா, ஆற்றலுக்கா?

ஏட்டுச்சுவடி எழுதியது:
15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'மன்னர்களை ஆக்கியவர்' என்று பெயர் பெற்ற வாரிக் பிரபு ரிச்சர்ட் நெவிலை, தன் முயற்சியால் மேலே வந்த பெருந்தலைவர் என்றே பலரும் எழுதி வருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் பிறந்தது 1428 நவம்பர் 22 அன்று. அப்போது அவருடைய தாய்வழிப் பாட்டனார் சால்ஸ்பரி பிரபு தாமஸ் மாண்டகு, ஆர்லியான் நகர முற்றுகையில் பட்ட காயத்தால் இறந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மாண்டகுவுக்கு ஆண் வாரிசு இல்லாததால் பட்டமும் நிலமும் மகள் ஆலிஸ் வழியாக அவருடைய கணவருக்கு, அதாவது நம்மவரின் தந்தைக்கு வந்து சேர்ந்தன.

தந்தைவழியிலும் அதே கதைதான். பாட்டனார் வெஸ்ட்மோர்லாந்து பிரபு ரால்ஃப் நெவிலுக்கு இரு மனைவியர், 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். இளையாள் ஜோன் போஃபோர்ட் மூன்றாம் எட்வர்ட் மன்னரின் பேத்தி என்பதால், மூத்தாள் வழியினருக்குப் பட்டம் போனபோதிலும், மிடில்ஹாம், ஷெரிஃப் ஹட்டன் உள்ளிட்ட வடபுலச் சொத்துகளில் பெரும்பகுதி இளையாள் பிள்ளைகளுக்கே எழுதி வைக்கப்பட்டது.

எல்லாவற்றையும் விடப் பெரியது பீச்சம் குடும்பச் சொத்து. அந்தக் குடும்பத்தோடு நெவில்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ரிச்சர்ட் சிறுவனாக இருக்கும்போதே அப்போதைய வாரிக் பிரபுவான பீச்சமின் மகள் ஆனை அவருக்கு மணம் முடித்தார்கள். ரிச்சர்டின் அக்கா செசிலியை ஆனின் அண்ணன் ஹென்ரிக்குக் கொடுத்தார்கள். ஹென்ரி 1446-இல் இறந்தார், அவருடைய ஒரே மகளும் குழந்தைப் பருவத்திலேயே 1449-இல் இறந்தாள். இரண்டு சாவுகள் நேர்ந்ததால் 20 வயது ரிச்சர்ட், மனைவியின் உரிமையில் வாரிக் பிரபு ஆனார். இதில் அவருடைய ஆற்றல் எங்கே வருகிறது என்று யாராவது விளக்க வேண்டும்.

கலங்கரை எழுதியது:
நண்பர் ஏட்டுச்சுவடி சொத்து வந்த வழியைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் சொத்து வந்த எல்லோரும் வாரிக் ஆகிவிடவில்லையே. அவருடைய மருமகன் கிளாரன்ஸ் கோமகன் நான்காம் எட்வர்ட் மன்னரின் உடன்பிறந்த தம்பி, நிலத்துக்கும் குறைவில்லை. அவர் சாதித்தது என்ன? மூன்று முறை கட்சி மாறி, 1478-இல் அண்ணனாலேயே மரண தண்டனைக்கு உள்ளானதுதான்.

வாரிக்கை அளந்து பார்க்க வேண்டிய இடம் கலே. பிரெஞ்சுக் கரையில் எஞ்சியிருந்த அந்த ஆங்கிலேயத் துறைமுகக் கோட்டையில்தான் மன்னரின் சம்பளத்தில் நிரந்தரமாக இருந்த மிகப் பெரிய படை நின்றது. அந்தச் சம்பளமோ எப்போதும் பாக்கியில் கிடந்தது. 1455-க்குப் பிறகு அதன் தளபதியான வாரிக், அங்கிருந்த கம்பளி வணிகர்களைக் கைக்குள் வைத்துக்கொண்டு அவர்களிடம் கடன் பெற்றார். 1458-இல் காஸ்டீலியக் கப்பல்களையும், அதே ஆண்டு லூபெக் நகரத்து உப்புக் கப்பல்களையும் தாக்கிக் கைப்பற்றினார். பச்சையாகச் சொன்னால் அது கடற்கொள்ளை. ஆனால் அரசாங்கத்தின் கையாலாகாத்தனத்தால் நொந்திருந்த லண்டன் மக்களும் கடலோர மக்களும் அதைக் கொண்டாடினார்கள். 1459-இல் லட்ஃபோர்டில், ஆறாம் ஹென்ரி மன்னரை எதிர்த்த யார்க் கோமகனின் அணி சிதறியபோது அவர் ஓடி ஒளிய இடம் இருந்ததும், மறு ஆண்டு ஜூனில் திரும்பி வந்து சாண்ட்விச்சில் இறங்கியதும், லண்டன் கதவு திறந்ததும், ஜூலை 10 அன்று நார்த்தாம்ப்டனில் மன்னரையே பிடித்ததும் கலேயின் பயன்கள். பாட்டன் சொத்தில் இவை எதுவும் இல்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:
கலேயை அவருக்குக் கொடுத்தது யார் என்பதையும் சொல்லியிருக்கலாம். 1455 மே 22 அன்று செயின்ட் ஆல்பன்ஸ் தெருச் சண்டையில் வென்று ஆட்சியைப் பிடித்த யார்க் கோமகன் கொடுத்தார். அவர் வாரிக்கின் அத்தை செசிலி நெவிலை மணந்தவர், முறையில் மாமா.

அதைவிட முக்கியமான கேள்வி, வாரிக் யார்க்கின் பக்கம் ஏன் சாய்ந்தார் என்பது. கொள்கைக்காக அல்ல, பங்காளித் தகராறுக்காக. ஆனின் தந்தைக்கு முதல் தாரத்தில் மூன்று பெண்கள் இருந்தார்கள். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, இறந்தவருடன் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவருக்கே உரிமை. மாற்றாந்தாய் மக்களுக்குக் கிடையாது. எனவே ஹென்ரியின் வழி அற்றுப்போனதும் உடன்பிறந்த தங்கை ஆனுக்குப் பட்டம் வந்தது; மூத்த மூவரும் அதை எதிர்த்து வழக்காடினார்கள். அவர்களுள் ஒருத்தியின் கணவர் சாமர்செட் கோமகன், ஆறாம் ஹென்ரி மன்னரின் நெருங்கிய ஆலோசகர். போதாக்குறைக்கு, ஆனின் தாய்வழிச் சொத்தில் சேர்ந்த கிளாமோர்கன் பகுதியின் பொறுப்பை 1453-இல் மன்னர் வாரிக்கிடமிருந்து எடுத்து அந்த சாமர்செட்டிடமே கொடுத்தார். வாரிக் அதைக் கையில் ஆயுதத்தோடு தடுத்தார். இரண்டே ஆண்டுகளில் செயின்ட் ஆல்பன்ஸில் சாமர்செட் வெட்டுண்டு கிடந்தார். மைத்துனிகளின் வழக்கு இல்லாதிருந்தால் வாரிக் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

வேம்படியாள் எழுதியது:
யார்க் கோமகனின் மகன் எட்வர்டுக்கு அரியணையை உறுதியாக்கிய 1461 டௌட்டன் போருக்கு முன்பே இருவரும் நின்றுவிட்டீர்கள். வாரிக் தான் அரியணை ஏற்றிய நான்காம் எட்வர்டையே பின்னர் கவிழ்த்தார். எட்வர்ட் அவருக்கு அத்தை மகன். இரத்த உறவுதான் எல்லாம் என்றால் அந்த முறிவு ஏன் வந்தது?

பலரும் எட்வர்டின் ரகசியத் திருமணத்தைக் காரணமாகச் சொல்வார்கள். வாரிக் பிரெஞ்சு அரச குடும்பத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தபோது, 1464-இல் எட்வர்ட் யாருக்கும் சொல்லாமல் எலிசபெத் வுட்வில் என்ற விதவையை மணந்தார். அது அவமானந்தான். ஆனால் அதற்குப் பின் நடந்த கல்யாணங்களே அதிகம் உறுத்தியிருக்கும் என்பது என் கணிப்பு. அரசியின் தம்பி ஜான் வுட்விலுக்கு வயது 20 அளவில். அவருக்கு மணம் முடிக்கப்பட்டவர் 60 வயதைக் கடந்த நார்ஃபோக் கோமகள் கேதரின் நெவில். வாரிக்கின் சொந்த அத்தை! எக்ஸெட்டர் கோமகனின் வாரிசுப் பெண்ணை வாரிக்கின் தம்பி மகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அவளையும் அரசியின் மகனுக்குக் கட்டிவைத்தார்கள். வாரிக்குக்கு ஆண் மகவு இல்லை. இசபெல், ஆன் என்று இரு பெண்கள். மூத்தவளைக் கிளாரன்ஸுக்குக் கொடுக்க மன்னர் இசையவில்லை. 1469 ஜூலையில் கலேயில் வைத்து அந்தத் திருமணத்தை நடத்தியதும் கிளர்ச்சி வெடித்ததும் ஒன்றையொன்று ஒட்டி வந்தவை. அடுத்த மாதமே ஜான் வுட்வில் வாரிக்கின் ஆணையால் தலை வெட்டப்பட்டார். பெண்களுக்கு வரன் தேடிய தகப்பன் என்ற முகத்தையும் இந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கலங்கரை எழுதியது:
வேம்படியாள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு 1470-இல் பிரான்சின் ஆஞ்ஜே நகரில் நடந்த சந்திப்பைப் பாருங்கள். ஆறாம் ஹென்ரியின் அரசி மார்கரெட்டின் படைதான் 1460 இறுதியில் வேக்ஃபீல்டில் வாரிக்கின் தம்பி தாமஸைக் கொன்றது. மறுநாள் தந்தையின் தலையையும் வாங்கியது. அதே மார்கரெட்டின் முன்னால் ஆஞ்ஜே நகரில் வாரிக் மண்டியிட்டு, இளைய மகள் ஆனை அவளுடைய மகனுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். குடும்பப் பகைதான் அவரை நடத்தியது என்றால் இது நடந்திருக்காது. அக்டோபரில் ஆறாம் ஹென்ரி மறுபடி அரியணையில் அமர்ந்தார். தோல்வியும் வாரிக் தாமே தேடிக்கொண்டதுதான்: பிரெஞ்சு மன்னருக்குக் கொடுத்த வாக்குக்காக அவருடைய எதிரியான பர்கண்டி நாட்டைப் பகைத்தார், பர்கண்டி எட்வர்டுக்குப் பணமும் கப்பலும் தந்தது, கிளாரன்ஸ் அண்ணனிடமே திரும்பிப் போனார். 1471 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு, பார்னெட் போரின் மூடுபனியில் வாரிக்கின் ஆட்கள் தங்கள் பக்கத்து ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் நட்சத்திரச் சின்னத்தை எட்வர்டின் சூரியச் சின்னம் என்று எண்ணி அம்பு எய்தார்கள். வாரிக்கும், மாண்டகு பட்டம் பெற்றிருந்த தம்பி ஜான் நெவிலும் அங்கேயே மடிந்தார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:
அவர் இறந்த பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு வலுவான சான்று. எட்வர்டின் தம்பிகள் இருவரும் வாரிக்கின் இரு பெண்களையும் மணந்திருந்தார்கள். அதற்குள் விதவையாகியிருந்த இளையவள் ஆனை குளோஸ்டர் கோமகன் ரிச்சர்ட் மணந்தது 1472-இல். ஆனால் பீச்சம் சொத்து வாரிக்குடையதன்று, அவருடைய மனைவியுடையது. அந்த அம்மையாரோ உயிரோடு இருந்தார். எனவே நாடாளுமன்றம் அவரை இயற்கையாக இறந்தவராகவே கருதி, சொத்தை மகள்களுக்குப் பகிர்ந்தது. வடபுல நெவில் நிலங்களோ முறைப்படி மாண்டகுவின் மகன் ஜார்ஜுக்குச் சேர வேண்டியவை. அவற்றைக் குளோஸ்டருக்குக் கொடுத்த சட்டம், மாண்டகுவின் ஆண் வழி இருக்கும் வரையில்தான் அந்த உரிமை முழுமையாகச் செல்லும் என்று நிபந்தனை போட்டது. 1483 மே மாதம் ஜார்ஜ் மகப்பேறின்றி இறந்ததும் குளோஸ்டரின் உரிமை அவருடைய ஆயுளோடு சுருங்கிவிட்டது. அடுத்த மாதமே அவர் மூன்றாம் ரிச்சர்டாக முடி சூடிக்கொள்ள முனைந்ததற்கு இதுவும் ஒரு தூண்டுதல் என்று கருத இடம் உண்டு. வாரிசுச் சட்டம் அந்த அளவுக்கு ஆட்களை ஆட்டி வைத்தது.

கலங்கரை எழுதியது:
உயிரோடு இருப்பவரை இறந்தவராக்கச் சட்டம் இயற்ற முடிந்தது என்றால், அங்கே வாரிசுரிமை ஆளவில்லை. நாடாளுமன்றத்தைக் கைக்குள் வைத்திருந்தவர் ஆண்டார். வாரிக் இருந்த வரை அந்த நிலத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஏழாம் ஹென்ரி 1487-இல் அதே அம்மையாருக்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தார். உடனேயே அவர் கையாலேயே அதில் ஏறக்குறைய முழுவதையும் மன்னருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். அந்தப் பத்திரத்தையும் பரம்பரைக் கணக்கிலேயே சேர்ப்பீர்களா?