மனசு கலங்கினால் வயிறு ஏன் கலங்குகிறது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

தும்பி:

வணக்கம் நண்பர்களே. வேலையில் பெரிய பொறுப்பு ஒன்று தலையில் விழுந்த சமயத்தில் எனக்குக் கடுமையான பேதி வந்து படுத்துவிட்டேன். காய்ச்சல் போனது, கிருமியும் போனது, டெஸ்ட் எல்லாம் நார்மல். வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மீட்டிங் என்று மெயில் வந்தாலே வயிற்றைப் பிசையும். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கழிவறை எந்தப் பக்கம் என்றுதான் முதலில் பார்ப்பேன். கூட இருப்பவர்கள், "எல்லாம் உன் நினைப்புதான்" என்று முடித்துவிடுவார்கள். அந்தச் சொல் வலியைவிட அதிகமாக வலித்தது.

கடைசியில் ஒரு மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். தொற்றுக்குப் பிறகு வரும் ஐபிஎஸ் இது, அதாவது டெஸ்டில் கோளாறு எதுவும் தெரியாமலே வலியும் பேதியும் மலச்சிக்கலுமாகத் தொல்லை தரும் குடல் பிரச்சினை என்றார். 2000 மே மாதம் கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரின் குடிநீரில் கிருமி கலந்து 2,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். அந்த மக்களை எட்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும், அன்று தொற்று வந்தவர்களிடம் ஐபிஎஸ் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்ததாம். அதிலும் முன்பே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். கிருமியும் மனக்கலக்கமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் குடல் அதை எளிதில் மறப்பதில்லை என்று புரிந்துகொண்டேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நெடுவழி:

எனக்கு வயிற்றைவிட எதிர்ப்பு சக்தியில்தான் அடி விழுந்தது. அம்மாவுக்கு மறதி நோய். இரவில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார் என்ற பயத்திலேயே அரைத்தூக்கம். அந்தக் காலத்தில் விரலில் பட்ட சின்னக் கத்திக் காயம்கூட ஆற மறுத்தது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், தண்ணீர் பட்டால் விளிம்பு மறுபடி பிரிந்து சிவந்து நிற்கும். வாய்ப்புண், சளி, மறுபடி வாய்ப்புண்.

அப்புறம்தான் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 1995ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். மறதி நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்களின் கையில் ஒரே அளவில் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அது ஆற, மற்றப் பெண்களைவிட சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. படித்ததும் அழுதுவிட்டேன். என் உடம்பு பொய் சொல்லவில்லை என்று ஒருவர் சாட்சி சொன்ன மாதிரி இருந்தது.

மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் கொஞ்ச நேரம் சுரந்தால் நல்லதுதான், அழற்சியை அடக்கிவைக்கும். மாதக்கணக்கில் சுரந்துகொண்டே இருந்தால் எதிர்ப்பு செல்கள் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகின்றன. அழற்சிக்குக் கடிவாளம் போய்விடுகிறது. எனக்கு உதவியது மாத்திரை இல்லை. அக்கா பாதி இரவுகளைத் தான் பார்த்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்டதுதான். கவனிப்பவர்களுக்கு யாராவது சத்தான உணவு பற்றி அறிவுரை சொன்னால், முதலில் அவர்களைத் தூங்கவிடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

முகில்:

தும்பி, எனக்கு மேடைதான் எதிரி. பேச வேண்டிய நாள் காலையிலேயே வயிற்றில் புளியைக் கரைக்கும். அதனால்தான் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 2014ல் வந்த ஆய்வு என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. அவர்கள் ஆட்களைப் பலர் முன்னால் பேசவைத்து, சிறுகுடலின் கசிவை அளந்தார்கள். பேச்சால் கார்டிசால் ஏறியவர்களுக்கு மட்டும் கசிவும் கூடியிருந்தது. மாஸ்ட் செல்கள் என்ற ஒரு வகை எதிர்ப்பு செல்களை அடக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது அந்தக் கசிவு ஏற்படவில்லை.

இதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் அடுக்கு. அந்தப் பக்கம் கோடானுகோடி பாக்டீரியாக்கள், இந்தப் பக்கம் நம் எதிர்ப்பு செல்களில் பெரும்பகுதி. நடுவில் செல்களை இறுகப் பிணைத்து வைத்திருக்கும் புரதங்கள்தான் காவல். மன அழுத்தம் வந்ததும் மாஸ்ட் செல்கள் வெடித்து ரசாயனங்களைக் கொட்ட, அந்தப் பிணைப்பு தளர்கிறது. பாக்டீரியாவின் துணுக்குகள் உள்ளே நுழைந்தால் எதிர்ப்பு செல்கள் உடனே எச்சரிக்கை அனுப்பும். அந்த எச்சரிக்கை ரத்தம் வழியாகவும், குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. காய்ச்சல் வந்தால் யாரிடமும் பேசப் பிடிக்காமல், சாப்பிடப் பிடிக்காமல் சுருண்டு படுப்போமே, அதே சோர்வு காய்ச்சல் இல்லாமலே நம்மைச் சூழ்ந்துகொள்ளக்கூடும். வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மேலிருந்து கீழே வருவது கொஞ்சம்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2004ல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில், குடலில் ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த எலிகளைச் சிறிய இடத்தில் அடைத்துப் பார்த்தார்கள். மற்ற எலிகளைவிட அவற்றுக்கு அழுத்த ஹார்மோன்கள் பலமாகச் சுரந்தன. பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியாவில் ஒரே ஒரு வகையைக் குடலில் குடியேற்றியதும் அது சரியானது. பதறும்போது எவ்வளவு பதற வேண்டும் என்பதை நம் குடலில் குடியிருக்கும் உயிர்களிடமிருந்தும் உடம்பு கற்றுக்கொள்கிறது என்றுதான் இதைப் பார்க்கிறேன். எலியில் பார்த்ததெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தாது, சரி. ஆனாலும் என் பதற்றத்தைப் பற்றி நான் நினைக்கும் விதமே மாறிவிட்டது.

கீற்று:

முகில் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். என் தம்பிக்கு வயிற்று வலி வந்தபோது எல்லோரும் டென்ஷன், டென்ஷன் என்றே சொன்னார்கள். எடை குறைந்தது, ரத்த சோகை வந்தது, அப்போதும் டென்ஷன்தான். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்தபோது, குடலில் தீராத அழற்சியை உண்டாக்கும் குரோன்ஸ் நோய் என்று தெரிந்தது. அதற்குள் அவன் உடம்பு உருக்குலைந்திருந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

வயிற்றுப் புண்ணையும் பல காலம் கவலையின் கணக்கில்தான் எழுதினார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று காட்டிய பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, ரத்த சோகை, விடாத காய்ச்சல் இதில் ஒன்று இருந்தாலும் "மனசுதான்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், பரிசோதனை கேளுங்கள்.

வேர்த்தடம்:

நான் மனச்சோர்வுக்குப் பல வருடமாக மருந்து எடுப்பவள். குடல் சரியானால் மனம் சரியாகிவிடும், மருந்தை நிறுத்திவிடு என்று சொல்பவர்கள் என்னைச் சுற்றி நிறைய. மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற ரசாயனத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது என்பார்கள். அது உண்மை. ஆனால் அந்த செரோட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அதற்காக உணவை ஒதுக்கவும் இல்லை. 2017ல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழு, மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டு குழுவாக்கி 12 வாரம் கவனித்தது. காய்கறி, பயறு, முழுதானியம், மீன், கொட்டைகள் என்று உணவை மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மனச்சோர்விலிருந்து மீண்டார். பேச்சுத் துணை மட்டும் கிடைத்த குழுவில் 8 சதவீதம்தான். சிறிய ஆய்வு. அவர்களில் பெரும்பாலோர் மருந்தோ சிகிச்சையோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மருத்துவரிடம் காட்டினேன். மருந்து அப்படியே தொடரட்டும், இதையும் சேர்த்துக்கொள் என்றார். நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற அமிலம் தயாரிக்கின்றன, பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். முகில் எழுதியிருக்கும் குடல் சுவரின் ஒரு பகுதிதான் அது.

தும்பி, உங்களைப் போல வயிறு நொந்தவர்கள் நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள், உப்புசம் வந்து வெறுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

தும்பி:

எல்லோருக்கும் நன்றி. கீற்று சொன்ன அறிகுறிகள் எனக்கு இல்லை, இருந்தாலும் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுகிறேன். குடலை மையமாக வைத்துச் செய்யும் ஹிப்னோதெரபி (ஆழ்ந்த தளர்வு நிலையில் தரும் சிகிச்சை) ஐபிஎஸ்ஸுக்கு உதவும் என்று என் மருத்துவர் சொன்னார். அதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறதாம். யாராவது அதை முடித்திருந்தால், முதல் சில அமர்வுகள் எப்படி இருந்தன என்று எழுதுங்கள். நெடுவழி, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?