தாராப் பறவைகளைப் பார்க்க ஓர் இடம்: ஆலோசனை வேண்டும்

குழு உறவுகளுக்கு வணக்கம். நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். என் அப்பா இளமையில் மன்னார்க் குளங்களில் சித்தப்பாமாரோடும் நண்பர்களோடும் தாரா வேட்டைக்குச் சென்றவர். விழுந்த பறவையைப் பல்தடம் படாமல் கவ்விவந்து கையில் வைக்கும் நாயொன்று அவர்களிடம் இருந்ததாம். அதைச் சொல்லும்போது இன்றும் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். துப்பாக்கியை அவர் கைவிட்டுப் பல ஆண்டுகளாகின்றன. நானும் வேட்டையை விரும்புபவன் அல்லன். ஆனால் விடியற்காலையில் குடும்பமாக நீரோரம் அமர்ந்து, சீழ்க்கைச் சிறகித் தாராக்கள் கூவிக்கொண்டு இறங்குவதை அவர் மீண்டும் பார்க்க வேண்டும் என்பது என் பெரும் ஆசை.

எங்கள் லாப்ரடோரையும் வாரில் பிடித்து அழைத்துச்செல்ல விரும்புகிறோம். கொழும்புக்கு அருகிலுள்ள பெல்லன்வில-அத்திடிய சதுப்புநிலம் 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதால், அங்கே பறவைகளுக்குச் சிறு தொந்தரவும் தர எனக்கு மனமில்லை. நாயோடு செல்ல அனுமதியுள்ள, முழங்கால் வலியுள்ள முதியவர் அதிகம் நடக்காமல் கதிரை போட்டு அமரக்கூடிய இடம் தலங்கமக் குளக்கரையிலோ கொழும்பைச் சுற்றியோ உண்டா? வலசை வரும் நீலச்சிறகித் தாராக்களும் அங்கே தென்படுமா? அண்மையில் சென்றுவந்தவர்கள் தயவுசெய்து அறியத்தாருங்கள்.