கான்பூரில் உடைத்துப் போட்ட லிபரேட்டர்கள்: 322 எம்.யூ. பற்றித் தெரிந்தவர்கள் எழுதவும்

கான்பூர் சகேரியில் இருந்த 322 எம்.யூ. (மெயின்டனன்ஸ் யூனிட்) ஆர்.ஏ.எஃப். என்ற பிரிட்டிஷ் விமானப்படையின் பராமரிப்புக் கிடங்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பி-24 லிபரேட்டர் என்ற நாலு எஞ்சின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை அங்கே வரிசையாக நிறுத்தி, இனிப் பறக்கவே கூடாது என்று அடித்துப் போட்டார்கள்: எஞ்சினுக்குள் மணல், கருவிப் பலகையில் சம்மட்டி, உடம்பில் ஓட்டை. 1948-இல் பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.-இன் ஆட்கள் தேறுவதைப் பொறுக்கி, ஒன்றில் கழற்றி இன்னொன்றில் மாட்டி, பெங்களூர் போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் அங்கேயே சரிசெய்தார்கள். முழு ஓவர்ஹால் பெங்களூரில்தான். ஓட்டிப் போனவர் எச்.ஏ.எல். விமானி ஜாம்ஷெட் முன்ஷி. இப்படித் தேறியவை 40-க்கு மேல். பெங்களூர் தொழிற்சாலை போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் பழுதுபார்ப்புக் கிடங்காக இருந்ததை மறக்க வேண்டாம். அமெரிக்க விமானம் அந்தக் கைகளுக்குப் புதிதல்ல.

*

மணல் பற்றி ஒன்று. எஞ்சினை மாற்றினால் தீர்ந்தது என்று நினைப்பதுதான் தப்பு. ஆயில் கூலரின் தேன்கூட்டுத் துளைகளில் மணல் தங்கிவிடும். புது எஞ்சினை ஓட விட்டதும் நேராக பேரிங்கில் போய் உட்காரும். கூலரையும் மாற்ற வேண்டும், டேங்க்கையும் லைனையும் கழுவ வேண்டும்.

இன்னொரு வில்லங்கம், சும்மா நிற்கும் ரேடியல் எஞ்சின், அதாவது சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த எஞ்சின். லிபரேட்டரின் ஆர்-1830 எஞ்சினுக்கு 14 சிலிண்டர், இரண்டு வரிசை. கீழ் சிலிண்டர்களில் ஆயில் வடிந்து தேங்கும். ஸ்டார்ட் பண்ணும் முன் மேக்னெட்டோ (பிளக்குக்கு மின்சாரம் தருவது) ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு புரொபெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். இறுகி நின்றால் முக்கித் தள்ளாதீர்கள், கனெக்டிங் ராடு வளையும். பின்பக்கம் திருப்புவது அதைவிட மோசம்: ஆயில் இன்டேக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு, எஞ்சின் பிடித்ததும் திரும்பி வரும். கீழ் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி வடிப்பதுதான் வழி. சிலிண்டருக்கு இரண்டு பிளக், நாலு எஞ்சினுக்கும் 112. எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை என்பது ஒரு ஆறுதல்.

*

மேலே சொன்னதோடு பெட்ரோலையும் சேர்க்கணும். இறக்கைக்குள் இருப்பது ரப்பர் டேங்க். வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தால் வெடிப்பு விடும், கசியும், ஆவி குண்டு அறையில் இறங்கித் தங்கும். பக்கத்திலேயே மின் மோட்டார்கள். அதனால்தான் லிபரேட்டரில் ஸ்டார்ட் பண்ணும்போது குண்டு அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பது வழக்கம். கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் மேலே சுருண்டு ஏறும் கதவு. அடியில் ஒரு சாண் இடைவெளி கிடைத்தாலும் காற்றோட்டம் வந்துவிடும்.

இந்திய விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் 1948 நவம்பரில் இந்தத் தேறிய லிபரேட்டர்களோடு கான்பூரிலேயே தொடங்கியது. கடைசி லிபரேட்டர் ஓய்வு பெற்றது 1968-இல். லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்துக்குப் போன கே.என்.751 எண் லிபரேட்டரும் இந்திய விமானப்படையில் பறந்ததுதான்.