குப்பை பிரிக்கும் பெண்களை ஒன்றுசேர்ப்பது எப்படி?

கேள்வி (குன்னூர்):
வணக்கம். எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கில் ஒப்பந்தக் கூலிகளாக இருக்கும் பெண்கள், சீசன் நாள்களில் மழையில் ஊறிய குப்பையையும் உடைந்த பாட்டில்களையும் கையுறையின்றியே பிரிக்கிறார்கள். சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், ரசீது கிடையாது. சங்கம் என்றாலே வேலை போய்விடும் என்று அஞ்சுபவர்களை எப்படிக் கூட்டுவது?

பதில் 1:
முதலில் அவர்களுடைய யு.ஏ.என். எண்ணை, அதாவது பி.எஃப். கணக்குக்காக ஒவ்வொருவருக்கும் தரப்படும் எண்ணை, கேட்டு வாங்குங்கள். பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பதை பி.எஃப். பாஸ்புக் காட்டிவிடும். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலையை ஒப்படைத்த நிறுவனமே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே வகுத்திருந்தது. ஆகவே மனுவை நகராட்சிக்கும் தொழிலாளர் துறைக்கும் சேர்த்தே கொடுங்கள்.

பதில் 2 (கோத்தகிரி):
நாங்கள் சங்கம் என்ற சொல்லையே எடுக்காமல், மாலைத் தேநீருக்குக் கூடி, ஒவ்வொருவரும் வேலைக்கு வந்த நாளையும் கைக்கு வந்த கூலியையும் ஒரே நோட்டில் எழுதத் தொடங்கினோம். எழுதத் தெரியாத ஒரு பாட்டி காலண்டரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். பேச்சுவார்த்தையில் அதுதான் வலுவான சான்றாக நின்றது.

பதில் 3:
புனேயில் 1993இல் சங்கம் கண்ட குப்பை பொறுக்குவோர், 2008இல் தங்களுக்கே சொந்தமான கூட்டுறவு அமைப்பின் வழியாக மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நம் மாநிலத்திலும் தூய்மைப் பணியாளர் நல வாரியம் உள்ளது. உறுப்பினர் அட்டைக்கு எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கோத்தகிரி அக்கா, அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப முடியுமா?