கலைச்சொல் வேண்டும்: விதி நின்றுபோன அணிகளுக்கு என்ன பெயர்?

வணக்கம்.

சிற்றுருப் போர்விளையாட்டுச் சொற்பட்டியலில் அணி, புள்ளி, பீடம் (சிற்றுரு நிற்கும் அடித்தட்டு), பதிப்பு வரை எல்லாரும் ஒத்துப்போய்விட்டோம். 'லெஜண்ட்ஸ்' மட்டும் இன்னும் முடியவில்லை. வார்ஹாம்மர் ஏஜ் ஆஃப் சிக்மார் விளையாட்டில் ஓர் அணியின் விற்பனையை நிறுத்திவிட்டு, விதியை மட்டும் இலவசமாக விட்டுவைத்து, இனிமேல் புள்ளித் திருத்தம் (படையில் சேர்க்க அணிக்கு வைத்திருக்கும் விலையை மாற்றுவது) கிடையாது என்று அறிவிக்கும் நிலை அது. நண்பர்களுக்குள் ஆடலாம். போட்டிகளில் பெரும்பாலும் சேர்க்கமாட்டார்கள். 2024-இல் நான்காம் பதிப்பு வந்ததை ஒட்டி பீஸ்ட்ஸ் ஆஃப் கேயாஸ் படை மொத்தமும் விலகியது. இங்கே அந்தப் படையை வைத்திருப்பவர்களோடு பேசும்போதெல்லாம் சொல் இல்லாமல் தடுமாறுகிறோம்.

'காவியம்', 'புராணம்' என்று நேரே மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது. என் முன்மொழிவு: தொல்படை. குறளில் படைமாட்சி அதிகாரத்திலேயே இருக்கிற சொல். அரசனோடு வழிவழியாக நின்ற படை. மாதக்கணக்கில் உட்கார்ந்து வண்ணம் தீட்டியவரின் உழைப்புக்கும் மரியாதையாக இருக்கும்.

— தோ பாயோவிலிருந்து

* * *

அண்ணே, வணக்கம். சொல் அழகு, ஆனால் பொருந்தவில்லை.

> தொல்படை. ... வழிவழியாக நின்ற படை.

வயது இங்கே அளவுகோலே இல்லை. ஸ்டார்ம்காஸ்ட் படையின் சாக்ரோசாங்க்ட் பிரிவு வெளிவந்தது 2018-இல். 2024-இல் அதற்கும் விலகல்தான். ஆறே ஆண்டு! சதுரப் பீடக் காலத்தில் வந்த கிரிப்ட் கூல்ஸோ நான்காம் பதிப்பிலும் முழு விதியோடு நிற்கிறது. தொல்படை என்று எழுதினால், புதிதாகச் சேரும் பிள்ளைகள் பழைய அச்சில் வார்த்த சிற்றுரு எல்லாமே செல்லாது என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய அச்சுக்குப் பதில் புது அச்சு வந்தாலும் அணியின் விதி ஒன்றுதான். பீடத்தின் அளவு சரியாக இருந்தால் பழைய சிற்றுருவையே வைத்து ஆடலாம். நாம் பெயர் வைக்கவேண்டியது சிற்றுருவுக்கு இல்லை, விதியின் நிலைக்கு.

— ஈசூனிலிருந்து

* * *

தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. சென்ற மாதப் பட்டியலில் ஒருவர் 'ஓய்வுப்படை' என்று எழுதியிருந்தார். அதையும் இப்போதே பேசித் தீர்த்துவிடலாம்.

சிங்கப்பூரில் ஓய்வு, படை என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துக் கேட்டால் மனம் ரிசர்விஸ்ட் பக்கம்தான் போகும். முழுநேரத் தேசிய சேவை முடிந்தவர் பத்து ஆண்டுப் பயிற்சிச் சுழற்சியில் இருப்பவர், கூப்பிட்டால் வரவேண்டியவர். லெஜண்ட்ஸ் அணியைப் போட்டிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. பொருள் தலைகீழாகிவிடும்.

ஆனால் இன்னொரு கோணத்தில் அந்தச் சொல்லுக்கும் ஓர் இடம் இருக்கிறது. டூம் கிங்ஸும் பிரெட்டோனியாவும் 2015-இல் ஏஜ் ஆஃப் சிக்மார் வந்தபின் கைவிடப்பட்ட படைகள். 2024 ஜனவரியில் தி ஓல்ட் வேர்ல்ட் என்ற சதுரப் பீட விளையாட்டு வெளிவந்தபோது முதலில் களமிறங்கியவை அவை இரண்டும்தான். பீஸ்ட்ஸ் ஆஃப் கேயாஸும் பீஸ்ட்மென் பிரேஹெர்ட்ஸ் என்ற பெயரில் இப்போது அந்த விளையாட்டுக்குள் இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் விலகி இன்னோர் ஆட்டத்தில் அழைக்கப்பட்டவை இவை. இதை 'மீள்படை' என்று தனியாகக் குறிக்கலாம். லெஜண்ட்ஸோடு கலக்க வேண்டாம்.

— தெம்பனிஸிலிருந்து

* * *

அனைவருக்கும் வணக்கம். லெஜண்ட்ஸில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானே வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அணியின் விதி நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஆட்டம் மட்டும் நகர்கிறது. ஒரு கணக்கு: பத்துப் பேர் கொண்ட அணி 120 புள்ளி என்று நின்றுவிட்டது. அதே வேலையைச் செய்யும் நடப்பு அணிகள் அடுத்தடுத்த திருத்தங்களில் 100-க்கு இறங்கினால், மூன்று அணி வைத்திருப்பவர் 2000 புள்ளிப் படையில் 60 புள்ளியை வீணாக்குகிறார். நடப்பு அணிகள் ஏறினால் இவருக்கு ஆதாயம். அதனால்தான் போட்டி நடத்துபவர்கள் ஒதுக்குகிறார்கள். அணி பலவீனம் என்பதற்காக இல்லை, அதை யாரும் சரிபார்ப்பதில்லை என்பதற்காக.

பதிப்பே மாறினால் சேதம் இன்னும் அதிகம். மூன்றாம் பதிப்பில் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் எட்டும் தூரம் தனி. ஓரங்குல வாள் என்றால் 25.4 மிமீ. 25 மிமீ பீடத்தில் நிற்கும் வீரன் இரண்டாம் வரிசையிலிருந்தும் எதிரியைத் தொடுவான். 32 மிமீ பீடத்தில் நிற்பவனால் முடியாது. இரண்டங்குல ஈட்டிக்கு மதிப்பு வந்ததே அதனால்தான். நான்காம் பதிப்பில் கைகலப்புத் தூரம் எல்லாருக்கும் மூன்றங்குலம், அதாவது 76.2 மிமீ. முன்வரிசை எதிரியை ஒட்டி, பின்வரிசைகளும் இடைவெளியின்றி நின்றால் 25 மிமீ பீடத்தில் நான்கு வரிசையும் அடிக்கும் (மூன்று பீடம், 75 மிமீ), 32-இல் மூன்று வரிசை (64 மிமீ). ஈட்டியின் தனிச் சலுகை அன்றோடு முடிந்தது. 'பிரேவரி' என்ற மனவுறுதி எண்ணையும் அதே பதிப்பில் எடுத்துவிட்டார்கள். எதிரியின் பிரேவரியில் ஒன்று குறை என்று பழைய ஏட்டில் இருக்கும் வரிக்கு இப்போது குறைப்பதற்கு எண்ணே இல்லை.

ஆக இரண்டு நிலை. நடப்புப் பதிப்புக்கு எழுதப்பட்டு, திருத்தம் மட்டும் நின்றுபோனது உறைவிதி. உறைபனியில் இருக்கும் உறைதான். பதிப்பே கடந்துபோய், வரிகள் பொருளிழந்து நிற்பது வழக்கொழிந்த விதி. வழக்கொழிந்த சொல் என்று நாம் இலக்கண வகுப்பில் படித்த அதே பொருள்.

— பிடோக்கிலிருந்து

* * *

வழக்கொழிந்த விதிக்கு முழுச் சம்மதம். உறைவிதியில் ஒரு தயக்கம். சீட்டுகளுக்குப் போடும் பிளாஸ்டிக் மேலுறையையும் இங்கே உறை என்றுதான் சொல்கிறோம். மேலும் நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். 'உறைநிலை' தமிழ்ப் பாடப்புத்தகத்தில் வரும் என்று இங்கே நம்ப முடியாது. 'நிலைவிதி' போதாதா?

— ஈசூனிலிருந்து

* * *

நிலைவிதி என்றால் நிலையான, உறுதியான விதி என்று எதிர்ப்பொருள் வந்துவிடும் தம்பி. அறிவியல் வகுப்பு இல்லாவிட்டாலும் வீட்டில் தயிர் உறைகிறது, பிள்ளைகளுக்கு அது தெரியும். மேலுறையை மேலுறை என்றே எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. பெருவிரைவு ரயில் என்ற சொல்லும் பேச்சில் எம்ஆர்டி ஆகத்தான் இருக்கிறது. எழுத்தில் பொருள் தெளிவாக நின்றால் போதும்.

பீடத்தைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும், ஏனென்றால் மீள்படைக்காரர்களின் தலைவலி முழுக்க அங்கேதான். தி ஓல்ட் வேர்ல்டில் டூம் கிங்ஸ் எலும்புக்கூட்டு வீரனின் பழைய 20 மிமீ சதுரம் 25 ஆகிவிட்டது. ஆர்க் வீரனின் 25 இப்போது 30. குதிரைவீரனின் 25-க்கு 50 இப்போது 30-க்கு 60. ஐவர் முகப்பு 100 மிமீ-இலிருந்து 125 ஆகிறது. 20 மிமீ பீடத்தை 25 மிமீ கட்டத் தட்டில் (அணியை மொத்தமாக நகர்த்தும் தட்டு) நடுவில் வைத்தால் பக்கத்துக்கு 2.5 மிமீ இடைவெளி. சிற்றுருவைத் தொடவே வேண்டாம். இடையில் வட்டப் பீடத்துக்கு மாற்றியவர்களில் 25 மிமீ வட்டக்காரர்கள் தப்பினார்கள், அது 25 மிமீ கட்டத்தில் உட்காரும். ஆர்க்கை 32 மிமீ வட்டத்தில் வைத்தவர்களுக்கு வழியில்லை. 30 மிமீ கட்டத்தில் அது இறங்காது, கழற்றித்தான் ஆகவேண்டும். சூப்பர் குளூ என்றால் ஒரு மணி நேரம் ஃபிரீசரில் வைத்து மெல்லத் திருகினால் பெரும்பாலும் விட்டுவிடும். பிளாஸ்டிக் சிமெண்ட் இரண்டு பகுதியையும் உருக்கி ஒன்றாக்கிவிடுவது. திருகினால் கணுக்கால் ஒடியும், பீடத்தைத்தான் கிளிப்பரால் நறுக்க வேண்டும். முடித்தபின் வார்னிஷை ஸ்பிரே செய்வதானால் மழையில்லாத பிற்பகலில் செய்யுங்கள். விடிகாலையில் இங்கே காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். தூரிகையில் பூசும் வார்னிஷ் பாதுகாப்பு.

இந்த வேலைக்குப் 'பீடமாற்று' என்பது என் முன்மொழிவு.

— தெம்பனிஸிலிருந்து

* * *

தெம்பனிஸ் அக்காவின் விளக்கத்துக்கு நன்றி. தொல்படையை விலக்கிக்கொள்கிறேன், வயதைச் சொல்லும் சொல் வேண்டாம் என்ற வாதம் சரி. பட்டியலில் இப்படிப் போடுகிறேன்:

உறைவிதி: விதி உண்டு, திருத்தம் இல்லை. அணியைக் குறிக்கையில் உறைவிதி அணி.
வழக்கொழிந்த விதி: கடந்துபோன பதிப்புக்கு எழுதியது.
மீள்படை: ஓர் ஆட்டத்தில் விலகி, வேறோர் ஆட்டத்தில் நடப்பு விதி பெற்றது.
பீடமாற்று: அளவு அல்லது வடிவம் மாற்றிப் பீடம் பொருத்துதல். தட்டில் வைத்து ஈடுகட்டுவது இதில் சேராது.

விலகல் அறிவித்த நாளுக்கும் உறைவிதி ஆகும் நாளுக்கும் நடுவில் அணி செல்லுபடியாகும் காலத்துக்குக் 'கெடு' என்றே எழுதலாமா? 'கெடுக்காலம்' எனக்குக் கெட்ட காலம் மாதிரி ஒலிக்கிறது.

— தோ பாயோவிலிருந்து

* * *

கெடு போதும் அண்ணே. ஒரு திருத்தம்: மீள்படைக்கு 'நடப்பு விதி பெற்ற ஆட்டத்தின் பெயரோடு எழுதுக' என்று சேருங்கள். ஓல்ட் வேர்ல்ட் மீள்படையை ஏஜ் ஆஃப் சிக்மார் போட்டிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடக்கூடாது.

— பிடோக்கிலிருந்து